மூன்றாவது பர்னர்

மூன்றாவது பர்னரைக் கழற்றிக் கையில் எடுத்தபோதே கனம் வித்தியாசமாக இருந்தது. மற்ற மூன்றும் வெறும் இரும்புக் குழாய்கள். இது ஒரு பிடி கூடுதல். நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் ஏறியிருந்தது. பின்பக்கப் புல்தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, பார்பிக்யூ அடுப்பின் உறுப்புகளைக் கழற்றக் கழற்ற அதன்மேல் வைத்துக்கொண்டு வந்தேன். பர்னரின் வாய்ப்பக்கம், கேஸைத் திறந்து மூடும் திருகுக்குப் பின்னால் கேஸ் நுழைகிற இடத்தில், சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். நகம் மட்டும்தான் போனது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். காய்ந்த மண் பொலபொலவென்று கொட்டியது. குளவிக் கூடு. மண்ணோடு சேர்ந்து, காலை மடக்கிக்கொண்டு செத்துப்போன சின்னச் சிலந்திகள் நாலைந்து விழுந்தன. குஞ்சுக்கு இரையாகக் குளவி அடைத்து வைத்தவை.

முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவன் நான். நிலக்கரி வேகன்களின் பிரேக் குழாய்களுக்கு அடியில் மல்லாந்து படுத்தே பாதி ஆயுள் போனது. குழாய் அடைத்தால் உள்ளே போவது எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேஸ் மேலே போகாது. வந்த வழியே திரும்பி, திருகுக்குப் பின்னால் தேங்கும். பொறி பட்டதும் இறைச்சி இருக்கும் பக்கம் எரியாமல், திருகைப் பிடித்திருக்கும் கையை நோக்கி எரியும்.

ஆறு வாரத்துக்கு முன்னால் என் மருமகள் டானிகாவின் வலது கையில் அப்படித்தான் எரிந்தது.

அன்று ரக்பி இறுதிப் போட்டி. வருஷாவருஷம் எங்கள் வீட்டில்தான் எல்லோரும் கூடுவார்கள். எங்கள் ஊரில் ஜூனில் தொடங்கும் குளிர்காலம் முழுக்க அடுப்பு உறை போட்டுக் கொட்டகையில் கிடந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் பண்ணும்படி என் மனைவி கிளெனிஸ் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலையில்தான் வெளியே இழுத்தேன். இறைச்சி சுடும் தட்டைச் சுரண்டினேன். பாதி வெங்காயத்தால் தேய்த்து எண்ணெய் தடவினேன். மூடியை வினிகர் போட்டு முகம் தெரியும் வரை துடைத்தேன். இருபது நிமிஷ வேலை. பர்னர்களைக் கழற்ற வேண்டுமென்றால் முட்டி போட வேண்டும். என் இடது முட்டி சொன்னபடி கேட்பதில்லை. டிவியில் பழைய ஆட்டக்காரர்கள் வேறு பேச ஆரம்பித்திருந்தார்கள். பார்ப்பவர்கள் மேல்பக்கத்தைத்தானே பார்க்கப்போகிறார்கள் என்று எழுந்துவிட்டேன்.

டானிகா மதியம் ஒரு தட்டு நிறைய விரல் நீளத்துக்கு உருட்டிய கொத்துக்கறியோடு வந்தாள். அவள் அம்மா வெஸ்னா குரோஷியாவிலிருந்து வந்தவள். அது அவளுடைய கைப்பக்குவம். வெஸ்னாவுக்கு அது இப்போது ஞாபகமில்லை. ஐம்பத்தாறு வயதிலேயே மறதி தொடங்கி, ஐந்தே வருஷத்தில் மகளின் பெயர்கூடத் தெரியாமல் ஓர் இல்லத்தில் இருக்கிறாள்.

"அடுப்பெல்லாம் சர்வீஸ் பண்ணியாச்சா நெவ்?" என்று கேட்டாள் டானிகா.

"காலையிலதான் ஒவ்வொண்ணா கழட்டி மாட்டினேன். தைரியமா பத்தவை."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். பொய் என்றே அப்போது தோன்றவில்லை. செய்ய நினைத்ததைச் செய்துவிட்டதாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

நாங்கள் டிவி முன்னால் இருந்தோம். வெளியே பெரிய போர்வையை உதறியதுபோல் ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து சுழன்று சுழன்று அடங்கியதுதான் கேட்டது. அவள் கணவன், என் மகன் லாக்லன், அவளை இழுத்துக்கொண்டு போய்த் துணி துவைக்கும் தொட்டிக் குழாயில் கையை நீட்டிப் பிடித்தான். நான் சிலிண்டரை மூடினேன். கிளெனிஸின் தம்பி ராஸ், கையில் பீர் பாட்டிலோடு வாசற்படியில் நின்றான்.

"மூடியத் தொறக்காம பத்த வச்சிருப்பா," என்றான். "உள்ளயே கேஸ் சேந்திருக்கும். அதான்."

"தொறந்தேன்," என்றாள் டானிகா. பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

"தொறந்தோம்னு நினைச்சிருப்ப."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அடுப்பைப் பற்றித் தெரிந்தவன் நான்தான். நான் சொன்னேன், "நூறு தடவ சொல்லியிருக்கேன். மூடியத் தொறந்து வச்சுட்டுத்தான் பத்த வைக்கணும்னு."

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மூடிக்குள் தேங்கி வெடித்திருந்தால் முதலில் முகத்தில்தான் அடித்திருக்கும். அவளுடைய புருவத்தில் ஒரு மயிர் கருகவில்லை. நெற்றியில் விழுந்திருந்த முடி அப்படியே இருந்தது. மூன்றாவது திருகைச் சுற்றி மட்டும் பெயிண்ட் கறுத்துக் கொப்பளித்திருந்தது. இதையெல்லாம் அன்றே பார்த்தேன். சிலிண்டரை மூடக் குனிந்தபோது என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது அந்தத் திருகு. கண் பார்த்தது. நான் நிமிர்ந்துவிட்டேன்.

டானிகா முடிதிருத்துபவள். மெயிட்லண்ட் கடைத்தெருவில் ஒரு சலூனில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அவளுக்காகவே காத்திருக்கும் வயதான பெண்கள் உண்டு. புறங்கையும் மணிக்கட்டும் தோலுரிந்து, ஐந்து வாரம் அவளால் கத்திரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. பிறகு தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான பழுப்பு நிறக் கையுறை ஒன்றை இரவு பகலாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

இப்போது புல்தரையில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

"அதுல ஏதாவது கோளாறு இருந்துச்சா நெவில்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் கிளெனிஸ்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நொடியில் முடிந்திருக்கும். இங்க வா, இதைப் பாரு என்று கூப்பிட்டிருந்தால் போதும்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

மண்ணையும் சிலந்திகளையும் செய்தித்தாளோடு சுருட்டினேன். குப்பைத்தொட்டியில் மேலாகப் போடாமல், இருந்த பைகளைத் தூக்கி அடியில் திணித்தேன். அதன்பின் நான் அந்த அடுப்பைச் சுத்தம் செய்ததுபோல் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. பர்னரின் ஒவ்வொரு ஓட்டையையும் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்தேன். கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்தேன். கொழுப்பு வடியும் தட்டைக் கொதிநீரில் ஊறவைத்துக் கழுவி, கொழுப்பை உறிஞ்ச அதில் புது மணலைக் கொட்டிப் பரப்பினேன். ரப்பர் குழாயின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவி, எங்காவது நுரை கிளம்புகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கறுத்த திருகைப் புதிதாக மாற்றி, அதைச் சுற்றிப் பெயிண்டும் அடித்தேன். மாலையில் பற்றவைத்தபோது நாலு பர்னரும் ஒரே உயரத்தில் நீலமாக எரிந்தன. கிளெனிஸ் வந்து பார்த்துவிட்டு, கடையில் வாங்கியதுபோல் இருக்கிறது என்றாள்.

ரயில்வேயில் எங்களோடு மார்லோ என்று ஒருவன் இருந்தான். வேகனுக்கு அடியில் போகாமலேயே பார்த்தாயிற்று என்று சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டான். கண்டுபிடித்தவன் நான். டீ குடிக்கும் இடத்தில், எல்லோரும் இருக்கும்போது, "கண்ணால பாக்காம கையெழுத்துப் போடுறவன்கூட நான் வேலை செய்ய மாட்டேன்," என்று மேலதிகாரியிடம் சொன்னேன். மார்லோ வேறு டிப்போவுக்குப் போனான். போகும்போது என்னிடம் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அந்தக் கை நீண்டபடியே நின்றது, அடுப்பைக் கழற்றிய அந்த வாரம் முழுக்க எனக்கு ஞாபகம் வந்துகொண்டேயிருந்தது.

நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. தாமதமாகத் தாமதமாகச் சொல்ல வேண்டியவையும் இரண்டு மூன்றாகப் பெருகின. கூடு இருந்தது என்பதோடு போகவில்லை. கழற்றிப் பார்க்கவே இல்லை என்பது, கண்டுபிடித்து மறைத்தேன் என்பது, கிளெனிஸ் கேட்டும் இல்லை என்றேன் என்பது.

கிறிஸ்துமஸ் மதியம் ராஸ் எல்லோருக்கும் பரிசு கொடுத்தான். டானிகாவுக்குப் பெரிய பொட்டலம். பிரித்தால், தீயணைப்புக்காரர்கள் போடுகிற சிவப்புத் தொப்பி, குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் சாமான். மேஜை முழுக்கச் சிரித்தது.

"இனிமே அடுப்புப் பக்கம் போனா இத மாட்டிக்கிட்டுத்தான் போகணும்," என்றான் ராஸ். "மச்சான், இவள விட்டு ஒரு பத்தடி தள்ளியே நில்லு."

டானிகாவும் சிரித்தாள். தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டாள். "சிலிண்டரத் தொட்டாலே சைரன் அடிக்கும் பாருங்க," என்றாள். சாப்பாடு முடிகிற வரை அவள் அதைக் கழற்றவில்லை. கையுறை போட்ட கையால் முள்கரண்டியைப் பிடித்து, தாடைக்கு அடியில் பிளாஸ்டிக் வார் அழுத்த, இறாலும் பன்றித்தொடையும் சாப்பிட்டாள். நான் அடுப்பருகே நின்று ஆட்டுத் துண்டங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ராஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தபோது நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

ஜனவரி இரண்டாவது வாரம் டானிகா எனக்கு போன் பண்ணினாள். நியூகாசிலில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போக முடியுமா என்றாள். லாக்லனுக்குச் சுரங்கத்தில் பகல் ஷிஃப்ட். கை விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் காத்திருந்தாள். சலூனுக்குப் போகும்போது போடுகிற நல்ல சட்டை. தலையை இரண்டு தடவை சீவியதுபோல் படிய வாரியிருந்தாள்.

பெரிய சாலையில் ஏறினோம். பிறகு, "இது கைக்கு இல்ல நெவ்," என்றாள். "ஞாபகத்துக்கு. டெஸ்ட் எடுக்கப் போறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். லாக்லனுக்குத் தெரியாது. நீங்கதான் எதையும் யார்கிட்டயும் பேசமாட்டீங்க. அதான் உங்களக் கூப்பிட்டேன்."

எனக்கு முன்னால் ஒரு மாட்டு லாரி போய்க்கொண்டிருந்தது. அதை முந்த வேண்டும் என்றே தோன்றவில்லை.

"அன்னிக்கு நான் மூடியத் தொறந்தேன்," என்றாள். தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "இப்பக்கூடக் கண்ணுக்கு முன்னால தெரியுது. இடது கையாலத் தூக்குறேன். கைப்பிடி வெயில்ல சுடுது. கையச் சட்டையில தொடச்சுக்கறேன். அப்புறந்தான் திருகத் தொடுறேன். எல்லாமே தெரியுது. ஆனா அப்படி நடக்கல. நடக்காத ஒண்ணு எப்படி இவ்வளவு தெளிவாத் தெரியும்? எங்க அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. காரப் பூட்டினேன்னு சத்தியம் பண்ணுவா. சாவி எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னுகூடச் சொல்லுவா. போய்ப் பாத்தா தொறந்து கெடக்கும்."

"நீ சின்னப் பொண்ணு," என்றேன்.

"முப்பத்தி நாலு. சில குடும்பத்துல சீக்கிரமாவே வருமாம். நாங்க ஒரு குழந்தைக்கு முயற்சி பண்ணிக்கிட்டிருந்தோம். அக்டோபர்லேர்ந்து நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். லாக்லன்கிட்ட கை ஆறட்டும்னு சொல்லியிருக்கேன்."

பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் ஓட்டிக்கொண்டு வந்தேன். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் நான் சொல்லவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை, அதனால் சொல்கிறேன். டாக்டர் எப்படியும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லப்போகிறார், அதோடு அவள் பயம் தீர்ந்துவிடும், நான் வாயைத் திறக்காமலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஓர் ஆள் இவ்வளவு கேவலமாக யோசிக்க முடியும் என்பதையும், யோசித்துக்கொண்டே விளக்குக்கு நின்று, திருப்பத்தில் சிக்னல் போட்டு ஒழுங்காகக் கார் ஓட்ட முடியும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காரை நிறுத்தினேன். அவள் பெல்ட்டைக் கழற்றப் போனாள். கையுறை போட்ட விரல்கள் பொத்தானில் வழுக்கின. இரண்டாம் தடவையும் வழுக்கின. தன் கைமீதே சலித்துக்கொண்டவள்போல், "இதுகூட," என்றாள்.

"நீ தொறந்ததுதான்," என்றேன்.

அவள் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடியச் சொல்றேன். நீ தொறந்துதான் இருந்த. பர்னருக்குள்ள குளவி கூடு கட்டியிருந்துச்சு. மூணாவதுல. அதனால கேஸ் திரும்பிக் கைப்பக்கம் வந்துடுச்சு. நீ எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்ச. நான்தான் கழட்டவே இல்ல. மேல மட்டும் தொடச்சேன். கழட்டினேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்."

நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. குரல் சாமான் பட்டியல் படிப்பதுபோல் வந்தது.

"எப்பத் தெரியும்?" என்றாள்.

"நவம்பர்ல. கழட்டும்போது."

"நவம்பர்ல." விரல்விட்டு எண்ணுவதுபோல் ஒரு நிறுத்தம். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

"ஆமா."

"தொப்பிக்கு முன்னாடி."

"ஆமா."

"நீங்க சிரிச்சீங்க நெவ்."

மன்னித்துவிடு என்ற சொல் நாக்கு வரை வந்தது. அதைக் கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் வைக்கக் கூடாது என்று விழுங்கினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

பெல்ட் கழன்றது. "வந்தது வந்தாச்சு. உள்ள போறேன்," என்று இறங்கினாள். நான் கூட வரட்டுமா என்றதற்கு, வேண்டாம் என்று கையைக்கூட அசைக்கவில்லை. கண்ணாடிக் கதவு திறந்து அவளை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது.

ஒன்றரை மணி நேரம் ஆனது. கார் உலையாகக் கொதித்தது. ஜன்னலை இறக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவரை அவர் மகள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். வாசலில் அவர் நின்று, இது எந்த இடம் என்று கேட்டார். மகள் சொன்னாள். இரண்டடி வைத்ததும் மறுபடி கேட்டார். மறுபடியும் அதே குரலில் சொன்னாள். டானிகா வெஸ்னாவுக்கு இப்படி எத்தனை தடவை சொல்லியிருப்பாள், இந்த மூன்று மாதத்தில் எத்தனை ராத்திரி அந்தக் கிழவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு மேஜையில் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது. தொடங்கி வைத்தவன் நான்.

டானிகா வெளியே வந்தாள். முன் கதவைத் திறந்துவிடலாம் என்று இந்தப் பக்கத்திலிருந்து எட்டினேன். அவள் பின்கதவைத் திறந்து, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். டாக்ஸியில் உட்காருவதுபோல.

திரும்பி வரும்போது அவள் முகம் கண்ணாடியில்கூடத் தெரியவில்லை. நெற்றியும் கொஞ்சம் முடியும்தான் தெரிந்தன. பாதி வழியில் பேசினாள்.

"அஞ்சு வார்த்தை சொன்னாங்க. நடுவுல வேற என்னென்னவோ கேட்டுட்டு, அந்த அஞ்சையும் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "பாலம். எலுமிச்சை. தச்சர். நீலம். மழை," என்றாள்.

"எல்லாம் சரியா?"

"எல்லாம் சரி." பிறகு, "என் ஞாபகம் நல்லா இருக்கு நெவ்," என்றாள். அதில் சந்தோஷம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாலையைப் பார்த்தேன். கறுப்பு மாடுகள் ஒற்றை மரத்தின் நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அவர்கள் வீட்டை நெருங்கும்போது மணி மூன்றரை. லாக்லனின் பிக்கப் வண்டி வாசலில் நின்றது. ஷிஃப்ட் முடிந்து சீக்கிரமே வந்துவிட்டான். முன்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு கால் பூட்ஸும் ஒரு கால் சாக்ஸுமாக எழுந்து நின்றான்.

"எங்க போய்ட்டு வர்றீங்க ரெண்டு பேரும்?" என்றான். அப்பாவும் மனைவியும் தனக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசு வாங்கப் போயிருப்பார்கள் என்று நினைப்பவன்போல் சிரித்தான். அவன் பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

டானிகா இறங்கினாள். கார்க் கதவைச் சாத்தவில்லை. அவனைத் தாண்டிப் போய், வலைக்கதவை இழுத்துத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் காலால் அண்டை கொடுத்து நின்றாள். உள்ளே ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் வாசல் வரை கேட்டது. லாக்லன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு இன்னும் முழுதாக அழியவில்லை. அவள் எங்கள் இருவரையும் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய் அவனிடம் சொல்ல வேண்டியவன் நான்; கதவு திறந்தே இருந்தது. ஈக்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.